ரிஜெக்ட் ராத்தாவும் என் சுயவிபரக்கோவையும்

புத்தளத்தில் இன்று அரசாங்கக் கதிரையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர், ஒரு காலத்தில் தில்லையடியில் ஒரு வீட்டு வாசலிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியவர்கள். மற்றப் பாதிப் பேரும் திரும்பியவர்கள்தான். வெளியில் சொல்ல மாட்டார்கள்.

அந்த வீட்டுக்காரிக்கு எங்கள் ஒழுங்கைத் தெருக்காரர்கள் வைத்த பெயர் ரிஜெக்ட் ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். உண்மையில் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு கடிதத்தைப் பார்த்தார் என்றால், ஓய்வுபெறப் போகும் செயலாளரின் களை முகத்தில் வந்துவிடும். இத்தனைக்கும் அவருடைய மொத்த அரசாங்க சேவை ஆறு மாதம். போர் முடிந்து சில வருடங்களில், ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தபோது, உறைகளைப் பிரித்து இரண்டு பெட்டிகளில் போடத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். ஒரு பெட்டி ‘எடுக்கிறது’. மற்றது ‘விடுறது’. ஆறு மாதத்தில் மூட்டைகள் முடிந்தன. வேலையும் முடிந்தது. ராத்தா மட்டும் முடியவில்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அனுப்புமுன் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் தீர்ப்புச் சொல்வார். பக்கத்து வீட்டுக் கலியாணக் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “திகதிக்கும் கிழமைக்கும் பொருந்தல்ல. நான் எந்த நாள் வாறது?” என்று திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் அச்சகத்துக்கு ஓடினார்கள். டொக்டர் எழுதிய துண்டில் வயது போடவில்லை என்று காய்ச்சலோடு திரும்பி வரிசையில் போய் நின்றவர் அவர்.

நான் அவரிடம் போனது வேறு வழியில்லாமல். எங்கள் பகுதி நூலகத்துக்கு ஓர் உதவியாளர் தேவை, ஒரே ஓர் இடம், சுயவிபரக்கோவையைப் பதிவுத் தபாலில் அனுப்பவும் என்று அறிவித்தல் வந்திருந்தது. அடுத்த வருடம் எனக்கு வயதெல்லை தாண்டிவிடும். அதற்குப் பிறகு அரசாங்க உத்தியோகம் என்பது எனக்குப் பத்திரிகையில் வாசிக்கும் விஷயம் மட்டும்தான். கணவருக்கு உப்பளத்தில் வேலை. மழை பெய்தால் உப்பும் இல்லை, வேலையும் இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வருடம் வேறு. ஆகவே மூன்று நாள் இருந்து, நான்கு பக்கத்தில், என் வாழ்க்கையை எழுதி முடித்தேன்.

ராத்தா உறையைக் கையில் வாங்கினார். பிரிக்கவில்லை. திருப்பித் தந்தார்.

“இன்னும் பாக்கவே இல்லையே ராத்தா.”

“இடது பக்க மேல் மூலையில பதவிப் பேர் எங்க புள்ள? எந்த வேலைக்கெண்டு தெரியாம நான் ஏன் பிரிக்கிறது? ஒரு மூட்டை கிடக்கு.”

மூட்டை எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

மறுநாள் மூலையில் பதவிப் பெயரோடு போனேன். இந்த முறை பிரித்தார். என் கடிதம் இப்படித் தொடங்கியது: ‘என்னைவிடத் தகுதி வாய்ந்த பலர் இப்பதவிக்கு விண்ணப்பித்திருப்பார்கள் என்பதை நான் அறிவேன்.’ பணிவாக இருக்கட்டும் என்று எழுதியது. எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

“அப்ப அவங்களையே எடுக்கட்டும்,” என்று ராத்தா தாளை மடித்தார்.

வெளியே வந்து, மகளின் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தபோது கோவையை மதிலில் வைத்தேன். நிமிர்ந்தபோது எங்கள் ஊர்க் கழுதை ஒன்று அதை மென்றபடி இரண்டாம் பக்கத்தில் நின்றது. தெருவெல்லாம் அலையும் புத்தளத்துக் கழுதைகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் சுயவிபரக்கோவையை முதலிலிருந்து கடைசி வரை, இடையில் நிறுத்தாமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஜீவன் அந்தக் கழுதைதான்.

மூன்றாம் தடவை இரண்டு பக்கமாகக் குறைத்தேன். மொழி அறிவு என்ற இடத்தில் தமிழ் ஓரளவு, சிங்களம் ஓரளவு, ஆங்கிலம் ஓரளவு என்று போட்டிருந்தேன். பொய் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

“தமிழும் ஓரளவா? அப்ப நாம இப்ப என்ன பாஷையில கதைக்கிறம்?”

வீட்டுக்கு வந்து மூன்றையும் ‘மிகச் சிறப்பு’ என்று மாற்றினேன். அதைப் பார்த்ததும் ராத்தா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, சாதாரணமாக, “கொஹெத யன்னே?” என்று கேட்டார். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லும் கேள்வி. நான் பதற்றத்தில் “ஒவ்” என்றேன். அதாவது, ஆம்.

“நல்லா போவீங்க,” என்றார்.

கணவர் சிரிக்கவில்லை. “அந்த மனுசி ஆறு மாதம் கடிதம் உடைச்சவ. அவவுக்கே வேலை இல்ல. நீ ஏன் அங்க போய் அவமானப்படுற?” என்றார். அவர் சொன்னது சரி என்று பட்டது. பத்து நிமிடத்தில் ராத்தா சொன்னதும் சரி என்று பட்டது. யார் கடைசியாகப் பேசினாலும் அவர் சரி என்று படுவது என் பிறவிக் குணம். அதைச் சுயவிபரக்கோவையில் ‘பிறருடன் ஒத்துழைக்கும் திறன்’ என்று போட்டிருந்தேன். ராத்தா அதையும் வெட்டினார். “சாட்சி யாரு?”

முகவரிக் கட்டத்தில் மட்டும் அவர் கொஞ்சம் தாமதித்தார். நான் சிறு வயதில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அவர் மன்னாரிலிருந்து வந்தவர். “நிரந்தர முகவரி எண்டு இருக்கு ராத்தா. எதைப் போடுறது?” என்று கேட்டேன்.

“கடிதம் வந்து சேருற இடத்தப் போடுங்க. தபால்காரனுக்கு உங்கட கவலை தேவையில்ல.”

பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தார். “இந்த ஆறு வருசம் வெறுமையாக் கிடக்கு. எங்க போனீங்க? மறியலுக்கா, கம்பி எண்ணவா?”

“மகள் பிறந்தவ. சும்மா வீட்டில இருந்தன்.”

“சும்மா எண்டா?”

“சும்மாதான். மாதர் சங்கக் கூட்டத்தில நடக்கிறதைக் கூட்டறிக்கையா எழுதுவன். அதுவும் சும்மா.”

“எத்தின வருசம்?”

“நாலு.”

“கொப்பியில ஆரு கையெழுத்து வைக்கிற?”

“கிராம சேவகர். மாதா மாதம்.”

ராத்தா கண்ணாடியைக் கழற்றினார். “அரசாங்க உத்தியோகத்தர் நாலு வருசம் கையெழுத்து வச்ச கொப்பி கிடக்கு. இவ சும்மாவாம். கழுதைக்குக் குடுக்காம அத முதல்ல எழுதுங்க.”

விண்ணப்ப முடிவுத் திகதி அன்று, பின்னேரம், கடைசிப் பிரதியோடு போனேன். ஒன்றரைப் பக்கம். கேட்ட தகுதிகள் கேட்ட வரிசையில். ராத்தா குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். தலையை நீட்டி, நான் பிடித்துக் காட்டிய தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.  தாளில் அவர் குற்றம் கண்டுபிடிக்காதது அதுதான் முதல் தடவை. 

“பசை அலுமாரியில, ரெண்டாம் தட்டு,” என்றார்.

அலுமாரியைத் திறந்தேன். பசைப் போத்தலுக்குப் பக்கத்தில் நீள உறைகள் ஓர் அடுக்கு. எல்லாவற்றிலும் முத்திரை ஒட்டியிருந்தது. எல்லாவற்றிலும் இடது பக்க மேல் மூலையில், அச்சடித்தது போன்ற எழுத்தில், ஒவ்வொரு பதவிப் பெயர். கீழே உள்ளவை பழுப்பேறியிருந்தன. மேலே இருந்ததில் ‘நூலக உதவியாளர்’.

“ராத்தா, இது என்ன?”

“அது சும்மா.”

“ஒண்டும் அனுப்பேல்லயா?”

மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த ரெண்டாவது பெட்டியில நான் எத்தின பேரைப் போட்டன் தெரியுமா? ஒரு கையால எடுத்து, மற்றக் கையால போட்டு, அதுக்குள்ள பிளேன்டியும் குடிச்சி. என்ட பேரும் அப்பிடி விழும் எண்டு நினைச்சா, தபால் கந்தோர் வரைக்கும் கால் போகுதில்ல.”

நான் அவருடைய உறையைக் கையில் எடுத்தேன். ஒரே ஓர் இடம் என்பது ஞாபகம் வந்தது. கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். இப்படி நான்கு தடவை நடந்திருக்கும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பறிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கடைசியில், “பின் பக்கம் இன்னும் ஒட்டல. ஒட்டிட்டுக் கொண்டு போங்க,” என்றார்.

தபால் கந்தோர் மூடக் கால்மணி நேரம் இருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்றபோதும் மனசு சும்மா இருக்கவில்லை. இதை அனுப்பினால் என் வேலையை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அனுப்பாவிட்டால் நானும் ஒரு ‘விடுறது’ பெட்டி வைத்திருக்கிறேன். முடிவெடுப்பதற்குள் என் முறை வந்துவிட்டது, இரண்டையும் நீட்டிவிட்டேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பின்னால் நின்றவர் தள்ளினார்.

“நீ வேலை தேடுறியா, வேலை குடுக்கிறியா?” என்றார் கணவர்.

நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. ஒரே பஸ்ஸில் போனோம். வழி முழுக்க ராத்தா என் கோவையிலுள்ள சான்றிதழ்களை வரிசை மாற்றி மாற்றி அடுக்கினார். தன்னுடையதைத் தொடவே இல்லை. உள்ளே என் கூட்டறிக்கைக் கொப்பியைப் புரட்டிய பெரியவர், “தலைவி கொட்டாவி விட்டார் எண்டுகூட எழுதியிருக்கிறீங்களே,” என்றார். “நடந்ததை எழுதச் சொன்னவை, சேர்,” என்றேன். அவர் சிரித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று ஒன்றரை மாதம் யோசித்தேன்.

நல்லதற்குத்தான். நியமனக் கடிதம் எனக்கு வந்தது. அதை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன். வயதெல்லை வரைக்கும் காத்திருந்து வந்த கடிதம்; இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லாமல் குற்றவாளி போலத் திரிந்தேன். மூன்றாம் நாள் ராத்தாவே வந்துவிட்டார். கையில் ஒரு கடிதம். ‘வருந்துகின்றோம்’ என்று தொடங்குவது. எனக்கு அழுகை வந்தது.

“அழாதீங்க புள்ள. இங்க பாருங்க, என்ட முதலெழுத்த மாத்திப் போட்டிருக்காங்க. எம்.எஸ். எண்டது எஸ்.எம். ஆகியிருக்கு. இத நான் ஏற்கேலா.”

உண்மையாகவே ஏற்கவில்லை. பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, தன்னை நிராகரித்த கடிதத்தை நிராகரித்து, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினார். இரண்டு வாரத்தில், தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, முதலெழுத்துக்கள் சரியாக, மறுபடி ‘வருந்துகின்றோம்’ வந்தது. அதை ஒழுங்கை முழுக்கக் காட்டினார், பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்த பெறுபேற்றைக் காட்டுவது போல. “விழுந்து பாத்தன். ஒண்டும் நோகல்ல,” என்றார். அதற்குப் பிறகு வந்த எந்த அறிவித்தலையும் அவர் விட்டுவைக்கவில்லை. எழுதிய உறைகளை அன்றன்றே அனுப்பினார்.

அடுத்த வருடம் வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு கந்தோரில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. விண்ணப்பங்களைப் பொறுப்பேற்கும் இடம். அந்தப் பகுதி மக்களை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

நூலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். நான் எட்டு மணிக்கே போய் வாசலில் நிற்கிறேன். கூட்டுவதற்கு என்று நூலகரிடம் சொல்லியிருக்கிறேன். வண்ணாத்திவில்லு பஸ் அந்த நேரம் அந்த வழியால் போகும். ஜன்னலோரம் இருக்கும் ஒருவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, என் சேலையை, என் தலையை, என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.