இட்டிச்சன் சேட்டன் வீட்டில் இருக்கும் என் நெஞ்சு

மூன்று மாதம் மூத்தவர் என்ற ஒரே தகுதியில் ஐம்பத்து நான்கு வருடமாக என்னிடம் மரியாதை வாங்கிவரும் கொச்சுபறம்பில் இட்டிச்சன் சேட்டனுக்கு, இளையவன் அவிராச்சன் பணிவோடு எழுதிக்கொள்வது. இயேசுவுக்குத் துதி உண்டாகட்டும். இங்கே நானும் ஏலிக்குட்டியும் பசுவும் நலம். மானந்தவாடிக் குளிரில் உங்கள் மிச்சமிருக்கும் நுரையீரல் நலமா? மகள் பீனா கஞ்சியில் உப்பு போடுகிறாளா?

இது பாசக் கடிதம் அல்ல, வழக்குக் கடிதம். அப்படியே நினைத்துப் படிக்கவும்.

வக்கீல் சிசிலியாம்மாவைப் பார்க்கக் கோட்டயம் போனேன். நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்கள். முதல் என்றால் நம் தாத்தாதானே? உங்கள் அப்பாவும் என் அப்பாவும் முறைப்படி மூத்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்ததால் ஒரே வீட்டுப் பெயரில், ஒரே வயதில், வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு இட்டியவிரா, அந்தப் பக்கம் ஒரு இட்டியவிரா. கூப்பிட வசதிக்குத்தான் அதையே பிய்த்து நீங்கள் இட்டிச்சன், நான் அவிராச்சன். இரண்டு பேரும் இருமிக்கொண்டு ஒரே ஸ்கூட்டரில் எக்ஸ்ரே எடுக்கப் போனதையும், கவுன்டர் பெண், "இப்பத்தானே சார் இந்தப் பேரைச் சொன்னீங்க?" என்று கேட்டதற்கு நீங்கள், "அது அவன், இது நான். எழுதிக்கோ மோளே" என்று மீசையைத் தடவியதையும் சொன்னேன். அப்புறம் அவள், "இட்டியவிரா" என்று கூப்பிட்டதும், "மூத்தவனுக்குத்தான்டா முதல்ல" என்று என்னைத் தள்ளிவிட்டு முதல் உறையை நீங்கள் வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"எண்ணைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது அவங்க பொறுப்பு. ஆனாலும் அந்த மீசைக் கதையை நீங்களா போய்ச் சொல்லாதீங்க."

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. டாக்டர் எனக்குக் கிடைத்த படத்தை மட்டும் பார்த்து, சளியைக்கூடச் சோதிக்காமல் காசநோய் என்று எழுதினார், நான் ஐந்து மாதம் மாத்திரை தின்றேன். உங்களுக்குத் தூசி இருமல், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? எனக்கென்று தனி டம்ளர் வைத்தீர்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சீட்டு விளையாட வந்து, "டேய், அந்தப் பக்கம் திரும்பி இருமுடா, எனக்கு ஒட்டிடும்" என்றீர்கள். உலகத்திலேயே தன் வியாதி தனக்கு ஒட்டிவிடும் என்று பயந்தவர் நீங்கள் ஒருவர்தான் சேட்டா!

மாதா கோயில் பெருநாள் அன்று நீங்கள் ரத்தமாகத் துப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் உங்கள் கையிலிருந்த படத்தைப் பார்த்து, "இது காறை எலும்பு முறிஞ்சு கூடின யாரோட படமோ" என்றார். பலாமரத்திலிருந்து விழுந்தவன் நானல்லவா! ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீங்கள் படுக்கையிலிருந்தே, "என் மருந்தை அஞ்சு மாசம் தின்னு தீர்த்துட்டு ஆரஞ்சோட வந்து நிக்கிறியாடா திருடா? போடா வெளியே!" என்றீர்கள். அவ்வளவுதான். பீனா உங்களை அழைத்துப் போய்விட்டாள். பத்தொன்பது மாதம் ஆகிறது, ஒரு வரி இல்லை.

நான் அந்த மருந்தை ருசிக்காகத் தின்னவில்லை. அதனால் என் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிட்டன. பழுத்த மிளகு எது, காய் எது என்று ஏலிக்குட்டி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தவறான மருந்தால் கெட்ட கண்ணுக்கு நானும், தாமதத்தால் கெட்ட நுரையீரலுக்கு நீங்களும் நுகர்வோர் கமிஷனில் தனித்தனியாக மனுப் போடலாமாம், டாக்டர் மேல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாமாம், வேறொரு டாக்டரின் கருத்து வேண்டுமாம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு, மிச்சம் ஐந்து மாதம். மாறிப்போன படங்கள்தான் முக்கியச் சான்று. என் படம் உங்களிடம், உங்கள் படம் என்னிடம். உங்கள் நெஞ்சை அவ்வப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், பூச்சி அரித்துவிடக் கூடாதே என்றுதான்.

"உங்களுக்கு நேர்ந்த இழப்புகளை வரிசையா சொல்லுங்க" என்றார்கள் வக்கீலம்மா. கண் என்றேன். "வேற?" என்றார்கள். விடிகாலை ஐந்தரைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமல் என்றேன். அதைக் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். உங்கள் வீட்டு வாசலில் இலை மூடிக் கிடப்பதையும், சீட்டாட்டத்தில் எனக்கு ஜோடியாக வந்து உட்காரும் பங்குக் கோயில் கணக்குப்பிள்ளை ஒரு தடவைகூட என்னைத் திட்டுவதில்லை என்பதையும் சொன்னேன். அவர்கள், "இதுக்கெல்லாம் மனுவில இடம் இல்லியே, இட்டியவிரா சார்" என்றார்கள்.

ஆகவே, வழக்கின் பொருட்டு மட்டும், அந்தப் படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பவும். நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். பீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் காவல் இருக்கட்டும். ஏலிக்குட்டியின் அன்பு. உங்களுக்கு என் கும்பிடு, தூரத்திலிருந்து.

இப்படிக்கு,
அவிராச்சன்

பின்குறிப்பு: எக்ஸ்ரே நிலையத்திலிருந்து இரண்டு படங்களுக்கும் நகலை வக்கீலம்மா போன மாதமே வாங்கிவிட்டார்கள். உங்கள் கையெழுத்தைத் தபாலில் வாங்கினாலும் போதுமாம். அதனால் படம் எதுவும் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டரோடு நிற்பேன். சிக்னலில் எந்த விளக்கு எரிகிறது என்று சொல்ல எனக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும்.