அப்பாவுக்குப் போட்ட புல்லாங்குழல்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் ராகுலனுக்கு,

மாமா நாகேந்திரம் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்னும்போது உன் அப்பாவையும், அதாவது என் அத்தானையும், சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர் ஹெந்தளையில், தன் வீட்டில், தன் கதிரையில் முழுச் சுகத்தோடு இருக்கிறார். ரொறன்ரோவில் நீயும் மனைவி பிள்ளைகளும் அவ்வாறே இருக்க முருகன் துணை. நான் அழைத்தால் நீ போனை எடுக்கிறாயில்லை. அது நியாயம்தான். ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதி அனுப்புகிறேன், கோபம் ஆறியதும் வாசி.

அத்தானின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ செய்து யூடியூபில் போட நினைத்தேன். பென்சன் எடுத்த பிறகு நான் இவ்வளவு உற்சாகமாக எந்த வேலையும் செய்ததில்லை, மருமகன். படங்களை அடுக்குவது லேசு, பின்னணி இசைதான் சமுத்திரம். போனில் வீடியோ செய்கிற அந்த அப்பில் சந்தோஷம், வீரம், காதல், மர்மம் என்று குணம் பிரித்து ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். 'சந்தோஷம்' என்றதைத் தட்டினேன், சவர்க்கார விளம்பரம் மாதிரி இருந்தது. 'வீரம்' என்றதைப் போட்டால் அத்தான் சந்தைப் பையோடு நிற்கிற படத்தில் அவர் ஏதோ கோட்டையைப் பிடிக்கப் போகிறவர் போலத் தெரிந்தார். பியானோ ஒன்று நல்லாய்த்தான் இருந்தது, ஆனால் கேட்கக் கேட்க, பாங்குக்குப் போன் எடுத்தால் காத்திருக்கச் சொல்லிப் போடுவார்களே, அந்த ஞாபகமே வந்தது. உன் மாமி பத்மாவதி குசினியிலிருந்து, "எதையாவது ஒண்டைப் போட்டுத் துலையுங்கோவன், எனக்குத் தலையிடிக்குது" என்றாள். அப்போதுதான் 'நெகிழ்ச்சி' என்ற பகுதியில் அந்தப் புல்லாங்குழல் அகப்பட்டது. கேட்டவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் அதுதான் சரியான இசை என்று நினைத்தேன். அதுதான் முதற்பிழை.

படங்கள் பழையவை, நிறம் மங்கியிருந்தன. எல்லாம் ஒரே சீராய் இருக்கட்டும் என்று கறுப்பு வெள்ளையாக்கினேன். பிறந்தநாள் என்றால் மெழுகுவர்த்தி வேண்டும், எழுபது வைக்க இடமில்லாததால் ஒன்று வைத்தேன். எழுபது வயது என்று விளங்குவதற்காகப் பிறந்த வருடத்தையும் இந்த வருடத்தையும் நடுவில் ஒரு கோடு போட்டு எழுதினேன். கடைசியில் "அத்தான், நீங்கள் நூறாண்டு வாழவேணும்" என்று என் குரலிலேயே வாழ்த்தும் பதிந்தேன். ஆனால் புல்லாங்குழலின் சத்தத்தை உச்சியில் வைத்துவிட்டேன். என் வாழ்த்து அதற்குள் அமிழ்ந்து போனது, யாரோ விம்முகிற மாதிரி மட்டும் கேட்கிறது.

போட்ட கொஞ்ச நேரத்தில் ஒருவர் "ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எழுதினார். யாரோ சாமி பக்தர், மன அமைதிக்கு வாழ்த்துகிறார் என்று எண்ணி, "உங்கள் அன்புக்கு நன்றி" என்று பதில் போட்டேன். அடுத்தவர் "எப்போது எடுப்பது?" என்று கேட்டார். கேக் வெட்டுகிற படத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "நாளை பின்னேரம், வீட்டில்தான், எல்லோரும் வாருங்கள்" என்றேன்.

மறுநாள் காலை உன் அம்மா போன் எடுத்தா. றஞ்சிதம் அக்காவின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

"தம்பி, வாசலில ஆக்கள் மலர்வளையத்தோட நிக்கினம். இவர் உள்ளுக்க இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்னெண்டு சொல்லுறது?"

நான் த்ரீவீல் பிடித்து ஓடினேன். பேலியகொடைப் பாலத்தில் வாகன நெரிசல். போய்ச் சேர்ந்தபோது, மலர்வளையத்தை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்று அக்கா வாசல் கேற்றில் சாத்தி வைத்திருந்தா. அதைப் பார்த்து ஒழுங்கையில் இருந்த சனமும் வந்துவிட்டது. அந்த நேரம்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து றொபேட் வந்து இறங்கினார். அப்பாவோடு துறைமுகக் கந்தோரில் ஒரே மேசையில் வேலை செய்தவர், ஒரு கரம் போர்ட் விளையாட்டில் வந்த சண்டையில் பல வருடமாய் முகம் பாராமல் இருந்தவர், உனக்குத் தெரியும்தானே. கழுத்தில் கறுப்பு ரை கட்டி, கண் சிவந்து படியேறினார். உன் அப்பா சாரத்தோடு கதவைத் திறந்தார்.

"நீ இருக்கிறியோ?" என்றார் றொபேட்.

"ஓம், இருக்கிறன். உள்ள வா."

றொபேட் உள்ளே போகவில்லை. அப்படியே படியில் குந்தி, சின்னப் பிள்ளை போல அழுதார். "அண்டைக்கு அந்தக் காயை நான்தான் கையால தட்டினனான்," என்றார்.

"எனக்குத் தெரியும்," என்றார் உன் அப்பா. "நீ சொல்லுவாய் எண்டுதான் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தனான்."

பிறகு இருவரும் இருந்து, சனம் எழுதிய அஞ்சலிகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். "நேர்மையானவர், வாய் நிறையச் சிரிப்பவர்" என்று ஒருவர் எழுதியிருந்ததை உன் அப்பா இரண்டு தரம் வாசிப்பித்தார். "இருக்கேக்க ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையே" என்றார். அக்கா, "சிரிச்சால்தானே சொல்லுறதுக்கு" என்றா.

வீடியோவைப் பார்த்து நீ அழுதுகொண்டு எடுத்த அழைப்பை அப்பாவே எடுத்து "ஹலோ" சொன்னதையும், நீ கத்திவிட்டுப் போனை வைத்ததையும் அறிந்தேன். அன்று பின்னேரம் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அவன் அழுதவனே?"

"ஓம் அத்தான், நல்லா அழுதவன்."

"வாறதுக்குப் பிளேன் ரிக்கெற்றும் போட்டவனாம் எண்டு உன்ர அக்கா சொன்னவ. அதை நிப்பாட்டவேண்டாம் எண்டு சொல்லு. செத்தாத்தான் வரவேணும் எண்டு சட்டமில்லையே."

அதற்காகத்தான் மருமகன் இந்தக் கடிதம். என்னை ஏசு, போனையும் எடுக்காதே, ஆனால் ரிக்கெற்றை நிப்பாட்டாதே. வீடு உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், மனைவிக்கு எங்கள் அன்பு, உனக்கு எந்தக் குறையும் வராமல் கதிர்காமத்தான் காக்க.

இப்படிக்கு,
இனி வீடியோப் பக்கமே போகமாட்டேன் என்று உன் அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்த
மாமா நாகேந்திரம்

பி.கு.: இதை எழுதி முடித்த பிறகு, அத்தான் இருக்கிறார் என்று ஊருக்கு அறிவிக்காவிட்டால் சரியில்லை என்று பட்டது. ஆகவே கடைசியாக ஒன்றே ஒன்று செய்து போட்டேன். பிறந்தநாளுக்கு மாலை போட்டு, பட்டு வேட்டியோடு அவர் சிரிக்கிற படம். 'புதுவாழ்வு காணும் பெரியதம்பி' என்று அத்தானின் பெயரோடு தலைப்பு. சோகம் துளியும் வரக்கூடாதென்று கெட்டிமேளம் வைத்தேன், சத்தத்தையும் அளவாகக் குறைத்தேன். அருமையாக வந்திருக்கிறது. இப்போது எல்லோரும் வாழ்த்துச் சொல்லி, பொம்பிளை ஆர் என்று கேட்கிறார்கள். உன் அம்மாவும் அதைத்தான் கேட்கிறா. நீ ரிக்கெற்றைக் கொஞ்சம் முன்னுக்குப் போடு.