பத்தொன்பது பொந்து அடைத்த படலம்

வாழ்க அய்யாதுரை. வளையா முதுகினர், சுருங்கா வேட்டியினர், சிவகாசிக் காலண்டர் கம்பெனி ஒன்றின் பைண்டிங் பிரிவை முப்பத்தோர் ஆண்டுகள் ஃபோர்மேனாக வீற்றிருந்து ஆண்டவர், ஓய்வு பெற்ற பின்னும் சட்டைப்பையில் இரும்பு அளவுகோலைச் செங்கோலெனத் தரித்தவர், வாழ்க.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஜனவரி எட்டு, ஞாயிறு, காலை பதினொன்றே கால் மணிக்கு, திருத்தங்கலில் அவர் வீட்டு முன்னறையாகிய போர்க்களத்தில் இருந்தோர் வருமாறு: அவர்; அவர்தம் மனைவியும் அதே கம்பெனியில் பதினெட்டு ஆண்டுகள் பசை காய்ச்சியவளுமான வள்ளித்தாய்; மகன் மாரிக்கண்ணன்; மருமகள் பானுப்பிரியா; பானுப்பிரியாவைப் பெற்றவரும் அய்யாதுரைக்குச் சம்பந்தியுமான சாத்தூர் ராக்கப்பன்; ஒரு சுண்டெலி. வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் எதிர்வீட்டு அய்யம்மாள் சன்னலுக்கு வெளியே நின்றாள். அதை இருந்ததாகக் கணக்கில் கொள்ள முடியாது.

எந்தப் போரைச் சொல்லப் புகுந்தாலும் முதலில் பிள்ளையாரைக் கும்பிடுவது முறை. ஆனால் இந்தப் போரில் எதிரி அவருடைய வாகனம். அவர் வண்டியை அடித்து விரட்டப் புறப்பட்ட கதைக்கு அவரிடமே போய்த் துணை கேட்பது நாகரிகம் ஆகாது. ஆகவே இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுத் தொடங்குவோம். வினை தொடங்கியதும் அவள் சந்நிதிக்குப் போய்த் திரும்பிய வழியில்தான்.

முந்தைய ஆடிக் கடைசி வெள்ளியன்று, அம்மனுக்குப் பொங்கலிட்டுவிட்டு இரு குடும்பத்தாரும் சாத்தூரில் ராக்கப்பன் வீட்டில் இலை போட்டு அமர்ந்திருந்தனர். சாம்பார் முடிந்து ரசம் வந்துகொண்டிருந்த அந்த நல்வேளையில் சுண்டெலி ஒன்று சுவரோரமாக ஓடி, பயற்று மூட்டைக்குப் பின்னே மறைந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததைச் சொல்லாதிருப்பதே விருந்தாளிக்கு அழகு என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அய்யாதுரைக்கு அப்போது அறுபத்தாறு.

“எங்க வீட்ல எலிங்கிற பேச்சுக்கே இடமில்ல சம்பந்தி,” என்று அவர் முழங்கினார். “முப்பத்தோரு வருசம் பைண்டிங்ல நின்னவன் நானு. எனக்குக் கீழ ஒரு அட்டைய ஒரு எலி தொட்டதில்ல. கம்பெனிக்கே வராதது வீட்டுக்கு வந்துருமா?”

“ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க,” என்றார் ராக்கப்பன். பரிமாறிக்கொண்டிருந்த பானுப்பிரியா கையில் கரண்டியோடு தரையைப் பார்த்தாள். தன் பிறந்த வீட்டின் எலியைத் தன் மாமனார் இலைக்கு முன் இழுத்துப்போட்டுக் காட்டிவிட்டார் என்பதை அந்தப் பார்வை சொன்னது. நாயகர் அதைக் கவனித்தார். கவனித்தும், விட்ட அம்பைத் திருப்பி எடுக்கும் வழக்கம் அவர் குலத்தில் இல்லாமையால், மோர் கேட்டார்.

அதன்பின் ஐப்பசி பெய்தது, கார்த்திகை கடந்தது, மார்கழி பிறந்தது. குளிர்காலம் என்றதும் பனி மூடிய மலைகளை நினைப்போர் நினைத்துக்கொள்ளட்டும். விருதுநகர்ச் சீமையில் அது மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கும் காலம். ஆயினும் அந்த இரண்டு சுற்றுக் குளிரையும் பொறாத ஒரு சேனை உண்டு. வீட்டுக்குப் பின்னே விரிந்து கிடந்த சீமைக்கருவேலங்காட்டின் ஈரமண் வளைகளிலிருந்து அது புறப்பட்டது. இரவியும் நிலவும் அறியாமல், முரசும் கொடியும் இன்றி, சாக்கடைக் குழாய் வழியும் ஓட்டு இடுக்கு வழியும் அது புகுந்தது. காலையில் பானுப்பிரியா சோப்பை எடுத்தாள். அதில் நான்கு பற்குறி. வள்ளித்தாய் ரேஷன் கார்டை எடுத்தாள். அதன் மேல் கறுப்பாக ஏழு எள்.

“எள்ளு இல்ல மாமா,” என்றாள் பானுப்பிரியா, மிகப் பணிவாக.

அன்று மாலை சாத்தூரிலிருந்து போன் வந்தது. பொங்கல் சீர் கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ராக்கப்பன் சொன்னார். இன்னும் ஆறு நாள். இவ்வாறு மானம் என்னும் பெருங்கோட்டையின் வாயிலில் நாள் குறித்து முரசு அறைந்தாயிற்று.

மந்திராலோசனை கூடியது. எதிர்வீட்டு அய்யம்மாளிடம் நல்ல மரப்பொறி இருக்கிறது, தேங்காய்ச் சில்லைச் சுட்டு வைத்தால் போதும் என்றான் மாரிக்கண்ணன்.

“ஏலே, அவகிட்டப் போயி எலிப்பொறி கேட்டா என்னலே அர்த்தம்?” என்றார் அய்யாதுரை. “எங்க வீட்ல எலி இருக்குன்னு நாமளே தமுக்கடிச்ச மாதிரி. அவ வாயில விழுந்தது சாத்தூருக்கு பஸ் பிடிச்சுப் போயிரும்.”

“அப்ப எலி இருக்கட்டுங்கிறீகளா?” என்றாள் வள்ளித்தாய்.

“இருக்கட்டுங்கல. வரவிடாம அடைப்பேன்.”

அடைப்பது எதைக் கொண்டு? சிமெண்டு கொத்தனாரின் ஆயுதம். பைண்டிங் குலத்து வீரன் அதைத் தொடலாகாது. அட்டையும் பசையும் கொண்டு உலகத்தின் ஆண்டுகளையே ஒட்டி வைத்த கை அது. கம்பெனி தந்த பழைய காலண்டர் அட்டைகளைப் பரணிலிருந்து இறக்கினார். மைதாவை வாங்கிவந்து தாமே அடுப்பேற்றினார். பதினெட்டு ஆண்டுகள் புகை நடுவே நின்று பசை காய்ச்சிய வள்ளித்தாய் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“நான் காய்ச்சித் தரவா?”

“வேண்டாம்.”

“இல்ல, பசையில ஒண்ணு…”

“பசையப் பத்தி எனக்குச் சொல்லாத வள்ளி.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொலைக்காட்சி முன் அமர்ந்தாள். அவளும் அதே வீட்டைச் சேர்ந்தவள். அவளுக்கும் முதுகு உண்டு.

பொந்துகள் பத்தொன்பது. ஒவ்வொன்றையும் நாயகர் அளவுகோலால் அளந்தார். அட்டையை மூலை பிசகாமல் வெட்டினார். நான்கு பக்கமும் பசை தடவி, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றுக் குமிழ் நீக்கி ஒட்டினார். ஒட்டியவற்றில் லட்சுமி இருந்தாள், முருகன் இருந்தான், ஊட்டி ஏரி இருந்தது. அடுக்களை மூலையில் ஒரு கைக்குழந்தை கன்னத்தில் கைவைத்துச் சிரித்தது. காண்போர் அதை எலி அடைப்பு என்று எண்ணார்; கண்காட்சி என்று எண்ணுவர்.

மறுநாள் விடிந்தபோது மூன்று அட்டைகளைக் காணோம். பசை போதவில்லை என்று தீர்மானித்து இரண்டு பூச்சுப் பூசினார். அதற்கடுத்த காலை எட்டு அட்டைகளைக் காணோம். ஊட்டி ஏரியில் பாதி வற்றியிருந்தது. பகைவன் பிடிவாதக்காரன் என்று அவன் வீரத்தை ஒருவாறு மெச்சி, பசையை இன்னும் கெட்டியாக்கினார். நான்காம் நாள் மறுபடியும் மைதாவுக்கு வந்து நின்ற அவரை மளிகைக்கடை மாரிசாமி ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, வீட்ல பரோட்டாக் கடை கிடை போடப் போறீகளா?”

“சம்பந்தி வாராரு,” என்றார் அய்யாதுரை.

“பொங்கலுக்கு பரோட்டாவா? போடுங்க, போடுங்க. எங்களையும் கூப்பிடுங்க.”

இந்த அவமதிப்பையும் நாயகர் பொறுத்தார். அவர் பொறுக்க மாட்டாதது ஒன்றே: வரவர எலிகளின் உருவம் பெருத்துக்கொண்டு வந்தது. முதல் நாள் கட்டைவிரல் அளவில் ஓடியது, வெள்ளிக்கிழமை ஓடவில்லை, நடந்தது.

சனிக்கிழமை மாலைக்குள் பதினெட்டு வாயில்கள் மீண்டும் அடைபட்டன. எஞ்சியது மின்கம்பிக் குழாய் முன்னறைச் சுவருக்குள் புகும் இடத்திலிருந்த பெரும்பொந்து. அதன் மேல் ஒரு சிரட்டை நிறையப் பசை அப்பி, அட்டை ஒட்டி, அதற்கும் மேலே தம் பழைய கம்பெனியின் புத்தம்புதுத் தினசரிக் காலண்டரை மாட்டினார். மாட்டிவிட்டுப் பின்னகர்ந்து நின்று பார்த்தபோது, கோட்டையின் கடைசிக் கதவைத் தாழிட்ட மன்னனின் களைப்பும் களிப்பும் அவர் முகத்தில் ஒருங்கே விளங்கின.

ஞாயிறு வந்தது. ராக்கப்பனும் வந்தார். பித்தளைப் பானை, வெல்லம், கரும்புக்கட்டு, காராச்சேவுப் பொட்டலம், தம் காட்டில் விளைந்த பாசிப்பயறு ஒரு சாக்கு ஆகியவற்றோடு வந்து, சாக்கைக் காலண்டருக்கு நேர்கீழே சுவரோரம் சாய்த்து வைத்தார். நாயகர் எதிரே நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். காபி வந்தது. மழையைப் பற்றிப் பேச்சு வந்தது. ராக்கப்பனின் கண் சுவரோரமாக ஒருமுறைகூடப் போகவில்லை. ஆடி மாதத்து ரசத்தை நினைவூட்டும் ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. வெற்றி, அய்யாதுரையின் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

அப்போது எட்டாம் தேதி அசைந்தது.

காலண்டர் ஆடாதிருக்க நாயகர் மின்விசிறியை நிறுத்தியிருந்தார். சன்னல் வழியே காற்றும் வரவில்லை. அங்கே அய்யம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஆயினும் அசைந்தது. எட்டாம் தேதியைத் தொடர்ந்து ஜனவரி மாதம் முழுவதும் அசைந்தது. பின் ஆண்டே குலுங்கியது. ஐவரும் பார்த்திருக்க, காலண்டரின் மேல் விளிம்பில், பசை உலர்ந்த வெண்மீசையோடும், கோவில் யானையின் நிதானத்தோடும், பெருவயிறு தாங்கிய சுண்டெலி ஒன்று எழுந்தருளியது. அது அவையை ஒருமுறை நோக்கியது. பின்னர்க் காலண்டரில் சறுக்கி, பயற்றுச் சாக்கின் மேல் தொப்பென்று விழுந்து, அங்கிருந்து குதித்து, அய்யாதுரையின் வலக்கால் பெருவிரலை மிதித்துக்கொண்டு வாசல் வழியே வெளியேறியது.

அது வெளியேறியபோது அய்யாதுரை நாற்காலியில் இல்லை. பக்கத்து ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தார். எப்படி ஏறினார் என்பதை அவரே அறியார். வேட்டியை முழங்காலுக்கு மேல் பிடித்திருந்தார் என்பதை மற்றவர் அறிவர்.

அந்த இழுக்கைத் தம் தோளில் தூக்கியவர் ராக்கப்பன்.

“அடடா,” என்றார், தெருவுக்கே கேட்கும்படி. “நம்ம சாக்குல வந்துருச்சு போல சம்பந்தி. களத்துல கெடந்த சாக்கு, பாக்காம கட்டிட்டேன். தப்பா நெனச்சுக்கிடாதீக. நான் வெளிய தூக்கி வச்சிருதேன்.”

சொன்னதோடு நில்லாமல், எழுந்து போய்ச் சாக்கின் இரு காதுகளையும் பற்றினார்.

இனி நிகழ்ந்ததே உண்மைப் போர்; இதுவரை சொன்னதெல்லாம் எலி விளையாட்டு. ஸ்டூலின் உச்சியில், மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே, அய்யாதுரை தனியாக நின்றார். ஒரே ஒரு ‘பரவால்ல’ போதும். கோட்டை நிற்கும், கொடி பறக்கும், குலம் தழைக்கும். எலி சாத்தூர் எலியாகிவிடும். ஆடி மாதத்தில் தாம் எடுத்து வீசிய கல்லை அதே மனிதர் பூவாக்கிக் கையில் வைத்து நீட்டுகிறார்; வாங்கிச் சூடிக்கொள்ள வேண்டியதுதான். அறுபத்தாறு ஆண்டுகள் காத்த மானம் ஒருபுறம் நின்று ‘சொல், சொல்’ என்றது. மறுபுறம் பானுப்பிரியா நின்றாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆடியில் பார்த்த அதே மாதிரி. அவளைப் பெற்றவரோ, இல்லாத குற்றத்துக்குக் குனிந்து சாக்கைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அய்யாதுரை ஸ்டூலிலிருந்து இறங்கினார். ஏறியது போல் எளிதாக இல்லை. மாரிக்கண்ணன் கை கொடுக்க வேண்டியிருந்தது.

“சாக்க கீழ வைங்க சம்பந்தி,” என்றார். “அது எங்க வீட்டு எலி.”

“இல்ல, களத்துல…”

“எங்க வீட்டு எலிதான். ஆறு நாளாப் பழக்கம். அன்னைக்கு உங்க வீட்ல நான் பேசுனது பேச்சில்ல.”

பானுப்பிரியா நிமிர்ந்தாள். ராக்கப்பன் சாக்கை வைத்துவிட்டு, காபி டம்ளரைத் தேடினார். வள்ளித்தாய் எழுந்துபோய்க் காலண்டரைக் கழற்றி, பொந்தின் விளிம்பில் மிச்சமிருந்த பசையை நகத்தால் கீறி, மோந்து பார்த்தாள்.

“மயில்துத்தம் போட்டீகளா?”

“எது?”

“நீலமா, கல்லு மாதிரி இருக்குமே. விசம். அதப் பொடிச்சுப் போட்டுத்தான் கம்பெனில பதினெட்டு வருசம் பசை காய்ச்சுனேன். அது இருந்தா எலி வாய் வைக்காது. இது வெறும் மைதா. நீங்க பொந்த அடைக்கல. ஆறு நாளா விருந்து வச்சிருக்கீக.”

முப்பத்தோர் ஆண்டுகளில் வேட்டியில் கரி படும் என்று பசைக்கொட்டகைக்குள் ஒருநாளும் கால் வைத்திராத ஃபோர்மேன் சட்டைப்பையிலிருந்த அளவுகோலைத் தடவினார். அவருக்குக் கீழ் ஒரு எலியும் ஓர் அட்டையைத் தொடாததன் காரணம் இடுப்பில் கைவைத்து அவர் முன்னே நின்றது.

“மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?”

“சொல்ல வந்தேன். பசையப் பத்தி எனக்குச் சொல்லாதன்னீக.”

முதலில் சிரித்தவர் ராக்கப்பன். அடக்கப் பார்த்து முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அதான் அம்புட்டுக் கொழுப்பா,” என்றார். பானுப்பிரியா அடுக்களைக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள். சத்தம் முன்னறைக்குக் கேட்டது. சாப்பிடும்போது நாயகர், தாமாகவே, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

மறுநாள் காலை, வளையா முதுகினர் சுருங்கா வேட்டியுடன் தெருவைக் கடந்து, எதிர்வீட்டிலிருந்து மரப்பொறியை வாங்கி, மறைக்காமல், கையில் தொங்கவிட்டு வந்தார். “பாவம், சாக்குல வந்த எலிக்கு நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி,” என்று அய்யம்மாள் ஆறுதல் சொன்னாள். அதற்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டிருந்தது. சாத்தூர்க் கரிசலில் பிறந்து, பாசிப்பயற்றைத் தின்று மதம்பிடித்து, சாக்கே தேராக, டவுன் பஸ்ஸே தேர்ப்பாதையாகத் திருத்தங்கல் புகுந்து, குற்றமற்ற ஓர் உயர்குடியின் முன்னறையில் இறங்கி, அதன் தலைவரைத் தாக்க முயன்று தோற்றோடிய அயல்நாட்டு எலியின் வரலாறு இன்றும் அங்கே டீக்கடைகளில் விரிவாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எலி சாக்கில் வரவில்லை. அது அய்யாதுரை வீட்டு எலி.