மூன்று தேனடை மாத்திரை

ஒரு காட்டில், அதுவும் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கும் ஆஸ்பத்திரி இருந்த ஒரு காட்டில், சடையப்பன் என்று ஒரு கரடி இருந்தது. வேண்டாம், இருந்தார் என்றே சொல்வோம். வயதானவர், இதய நோயாளி, ஒரு பெண்ணைப் பெற்றவர். குறை என்று பார்த்தால் ஒன்றுதான், மகா கஞ்சன். செருப்பு வாங்கினால் தேய்ந்துவிடுமே என்று கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற ரகம்.

மரங்கொத்தி டாக்டர் அவர் நெஞ்சில் நாலு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, "தினம் காலையில ஒரு மாத்திரை. விட்டீங்கன்னா நெஞ்சு நின்னுடும், ஆமா" என்று சொல்லியிருந்தார். அவரும் ஒழுங்காகத்தான் முழுங்கிக்கொண்டிருந்தார். ஓசி மாத்திரையை அவரா விடுவார்?

எல்லாம் கெட்டது நாரையால். நாரைதான் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி. ஒற்றைக் காலில் நின்று யோசிக்கிறவர்களுக்கு இப்படித்தான் யோசனை வரும் போலிருக்கிறது. மிருகங்கள் மாத்திரையை வாங்கிப் போய் ஓடையில் கொட்டுவதும், தூக்க மாத்திரை தின்ற கெண்டை மீன்கள் மல்லாந்து குறட்டை விடுவதும் வெகு நாளாக நடந்துவந்தது. அந்தக் கெண்டைகளைப் பிடித்துத் தின்றுவிட்டு அதிகாரியே இரண்டு நாள் ஆபீசுக்கு வராமல் தூங்கியபோதுதான் விஷயம் பெரிதாயிற்று.

"இலவசம்னா எவனுக்கும் அருமை தெரியல" என்றது நாரை. "ஒவ்வொரு அட்டையிலயும் உண்மை விலையை ஒட்டுங்க. நமக்காக இவ்வளவு செலவாகுதான்னு பயபக்தியோட சாப்பிடுவாங்க."

"சிலருக்குத் தெரியாம இருக்கறதே நல்லது சார்" என்றார் மரங்கொத்தி.

"தெரிஞ்சுக்கறது நோயாளியோட உரிமை, டாக்டர்!"

உரிமை என்று சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பது? ஒட்டிவிட்டார்கள்.

அந்தக் காட்டில் எல்லாவற்றுக்கும் தேன்தான் காசு. சடையப்பன் புது அட்டையைத் திருப்பிப் பார்த்தார். 'ஒரு மாத்திரை: மூன்று தேனடை' என்று ஒட்டியிருந்தது.

"ஐயையோ! வடிவு! தினம் மூணு தேனடையையாடி நான் ஒரே மடக்குல முழுங்கிட்டிருந்தேன்?"

"முழுங்குங்க, நேரமாச்சு" என்றாள் அவர் மனைவி வடிவு.

முழுங்குவாரா? அட்டையை நகைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மாதாமாதம் அட்டை வந்தது, பெட்டி நிறைந்தது. விருந்தாளிகள் வந்தால் திறந்து காட்டுவார். "தொடாதீங்க, கண்ணால பாருங்க." வடிவு கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் சமைக்காமலும் இருந்து பார்த்தாள். செலவு மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

பக்கத்துப் புதர் முள்ளம்பன்றி வேலாயுதத்துக்கு ரத்தக் கொதிப்பு. அவர் அட்டையில் 'ஒரு மாத்திரை: ஒரு சொட்டுத் தேன்' என்று இருந்தது. கொதிப்பு அங்கேயே ஏறிவிட்டது. "கரடிக்கு மூணு அடை, எனக்கு ஒரு சொட்டா? என் உசிரு அவ்வளவுதானா?" என்று முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு மாத்திரைகளை ஓடையில் வீசினார். கெண்டைகளுக்கு ரத்த அழுத்தம் சீரானது. அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

இப்படி இருக்கையில் சடையப்பன் மகள் செவ்வந்தியைப் பெண் பார்க்க மலைக் கரடிகள் வந்தார்கள்.

"பெண்ணுக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

சடையப்பன் கம்பீரமாக பீரோவைத் திறந்தார். "அஞ்சு அட்டை. அத்தனையும் இதய மாத்திரை. காலாவதி ஆக இன்னும் நாளிருக்கு."

அந்த அம்மாள் ஓர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "உங்களுக்குக் கிட்னியில ஏதும் கோளாறு இல்லையா? அதுல ரெண்டு அட்டை சேர்த்துப் போட்டா நிறைவா இருக்கும்."

சடையப்பன் பதில் சொல்ல வாயெடுத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார்.

வடிவு அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அட்டையைப் பிடுங்கி ஒரு மாத்திரையைப் பிய்த்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "வேண்டாம்டி... செவ்வந்திக்கு வெச்சது... ஒண்ணு குறைஞ்சா சம்பந்தம் போயிடும்..."

"எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா, முழுங்குப்பா!" என்று செவ்வந்தி அழுதாள். கரடி கடித்த பல்லைப் பிரிக்க அந்தக் காட்டில் ஆள் ஏது? அவர் கண் செருகிக்கொண்டு வந்தது.

வடிவுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் இல்லையா, சட்டென்று காதருகே குனிந்தாள். "ஏங்க, இது உங்களோடது இல்லைங்க. வேலாயுதம் மாத்திரை. ஒரு சொட்டுத் தேன்தான்."

"அப்படின்னா ரெண்டா குடு" என்று வாயைத் திறந்தார் சடையப்பன்.

வடிவு ஒன்றைத்தான் போட்டாள், பிழைத்துக்கொண்டார். அட்டையில் ஒன்று குறைந்துவிட்டதைப் பார்த்த மலைக் கரடிகள் காபி குடித்த கையோடு எழுந்து போய்விட்டார்கள். செவ்வந்திக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

அன்று சாயங்காலமே வடிவு பக்கத்துப் புதருக்குப் போய் வேலாயுதத்தின் மனைவியோடு உட்கார்ந்து, இரண்டு வீட்டுக்கும் புதிதாக வந்திருந்த அட்டைகளின் விலைச் சீட்டுகளையும் பக்குவமாக உரித்து மாற்றி ஒட்டினாள். மாத்திரை அவரவர் மாத்திரைதான், விலை மட்டும் அடுத்தவர் விலை.

மறுநாள் வேலாயுதம் தன் மூன்று தேனடை மாத்திரையை முச்சந்தியில் நின்று, நாலு பேர் பார்க்க அண்ணாந்து முழுங்கினார். சடையப்பன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "என்னடி, விலை இறங்கிடுச்சா?" என்றார். "தள்ளுபடிங்க" என்றாள் வடிவு. போனால் போகிறது என்று அவரும் முழுங்கினார். இருவரும் தேறிவிட்டார்கள்.

உண்மை விலையை ஒட்டியதால்தான் இரண்டு உயிர்கள் பிழைத்தன என்று நாரை ஒற்றைக் காலில் நின்று பொன்னாடை போர்த்திக்கொண்டது. மரங்கொத்திக்கு மட்டும் சந்தேகம். "என்னம்மா பண்ணினே?" என்று வடிவைக் கேட்டார்.

"நான் ஒரு பொய்யும் ஒட்டலை டாக்டர். ரெண்டுமே உண்மை விலைதான்."

நீதி: மருந்தின் உண்மை விலையை நோயாளி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் மருந்தின் விலையை.