லெனின்கிராட்டில் ஒரே மழை

"லெனின்கிராட்டோ? நல்லதாப் போச்சு!" என்று கமலாம்பிகை டெலிபோனில் கூவியதும் தான் மாட்டிக்கொண்டது குலசேகரத்துக்கு விளங்கியது.

அவர் சொன்னது ஒரு சின்னப் பொய். கமலாம்பிகை அவருடைய மனைவி சிவனேஸ்வரிக்கு ஒன்றுவிட்ட அக்கா. சனிக்கிழமை அவளுடைய மகளின் அரங்கேற்றம். நாலு மணித்தியாலம் ஆட்டம், அது முடியப் பேச்சுகள். கிழமை முழுக்க ஷிப்ட் செய்கிற மனுஷன் ஒரு சனி ஞாயிறாவது நிம்மதியாக நித்திரை கொள்ளவேண்டாமா? "அண்டைக்கு நாங்கள் லண்டனில நிக்கமாட்டம் மச்சாள்" என்று சொல்லிவிட்டார்.

எங்கே போகிறோம் என்றும் சொல்லவேண்டுமே. பாரிஸ் என்றால் அங்கே நம் சனம். டொரன்டோ, சூரிச் எங்கும் நம் சனம். ட்யூப் ரயிலில் பார்த்த சுற்றுலா விளம்பரம் ஒன்று கைகொடுத்தது. ரஷ்யாவில், லெனின்கிராட்டில் எந்தத் தமிழன் இருக்கப்போகிறான்?

"எங்கட யோகராஜா அங்கதானே டொக்டருக்குப் படிக்கிறான்!" என்றாள் கமலாம்பிகை.

ரிசீவரை வைத்ததும் சிவனேஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

"அக்கான்ர மகன் எங்க படிக்கிறான் எண்டுகூடத் தெரியாதோ?"

"எங்கேயோ படிக்கிறான் எண்டு தெரியும்."

"உண்மை தெரிஞ்சுதோ, அக்கா இந்தப் பிறப்பில என்னோட கதைக்கமாட்டா. சொல்லிப்போட்டன்."

வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழையில் கமலாம்பிகை பார்சலோடு வந்து நின்றாள். பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, மிளகாய்த்தூள், பின்னிய ஸ்வெட்டர் ஒன்று.

"அவன்ர கையிலேயே குடுத்துப்போடுங்கோ. பாவம், என்னத்தைச் சாப்பிடுறானோ!"

"இதையும் சொல்லவேணுமோ மச்சாள்" என்றார் குலசேகரம்.

சனிக்கிழமை விடிந்ததும்தான் லெனின்கிராட் எவ்வளவு கஷ்டமான ஊர் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணி கமலாம்பிகையின் உயிர்ச் சிநேகிதி. ஆகவே திரைச்சீலை திறக்க ஏலாது, லைற் போட ஏலாது. வெங்காயம் தாளித்தால் வாசம் மதில் தாண்டும். வெம்பிளிக் கடைத்தெருவுக்குப் போனால் எதிரே வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தெரிந்தவர்கள். பிரிட்ஜில் பாலும் ஒரு எலுமிச்சங்காயும் இருந்தன. வெளியே மழை விடவில்லை.

மத்தியானம் குலசேகரம் பார்சலைப் பார்த்தார்.

"ஒரு வடை எடுத்தால் தெரியாது."

"அது பிள்ளைக்கு வந்த சாமான்!"

"இரவைக்கு உனக்கும் பசிக்கும்."

ஞாயிறு பின்னேரம் ஸ்வெட்டரும் மிளகாய்த்தூளும் எஞ்சியிருந்தன. இனித் தபாலில் போடலாம் என்கிற வழியும் அடைபட்டுப் போனது.

திங்கள் மத்தியானம் கமலாம்பிகை வந்தாள், கையில் இரண்டு வீடியோ கசெற்றோடு.

"நீங்கள் பாக்கேல்லை எண்டு எனக்கு மனம் கேக்கேல்லை. முழுக்க இருக்கு, போடுங்கோ."

அலாரிப்பு தொடங்கியது. குலசேகரம் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிள்ளையைக் கண்டியளோ?"

"கண்டன் மச்சாள். கையிலேயே குடுத்தன்."

"படம் எடுக்கேல்லையோ?"

"ஒரே மழை. கமரா நனைஞ்சுபோச்சு."

"மெலிஞ்சிட்டானோ?"

இல்லை என்றால் எந்தத் தாய்தான் நம்புவாள்? "கொஞ்சம்" என்றார்.

கமலாம்பிகை விம்மி அழத் தொடங்கினாள். குலசேகரம் பதறிப்போனார்.

"அழாதேங்கோ! எங்களுக்கு முன்னாலேயே நாலு வடை சாப்பிட்டான். அம்மான்ர கைப்பக்குவம் எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான்."

சிவனேஸ்வரிக்குப் புரையேறியது.

"என்ர ராசா!" கமலாம்பிகை கண்ணைத் துடைத்தாள். "திங்கள் பின்னேரம் அவன் போன் எடுக்கிறவன். இண்டைக்கு எல்லாம் வடிவாக் கேக்கிறன்."

அவள் போய்விட்டாள். கசெற்றில் தில்லானா ஓடிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது" என்றாள் சிவனேஸ்வரி. அவளுக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "லண்டனில எனக்கெண்டு இருக்கிறது அவ ஒருத்திதான். உங்கட நித்திரைக்காக அவவையும் துலைச்சுப்போட்டியள்."

குலசேகரத்துக்குச் சுருக்கென்றது. அரங்கேற்றத்துக்கே போயிருக்கலாம், அங்கேயும் நித்திரை கொண்டிருக்கலாம்.

பின்னேரம் டெலிபோன் அடித்தது.

"அக்காதான். அவ வாய் திறக்க முதல் மன்னிப்புக் கேளுங்கோ!"

அவர் ரிசீவரை எடுத்த வேகத்தில் கொட்டினார்: "மச்சாள், நான் லெனின்கிராட்டுக்குப் போகேல்லை! பொய்! வீட்டுக்குள்ளதான் ஒளிச்சிருந்தனான். பார்சல் இஞ்சதான் கிடக்கு!"

 மறுமுனையில் பேசியது ஒரு இளம் ஆண்குரல்.

"சித்தப்பா, நான் யோகராஜா. இப்பதான் அம்மாவோட கதைச்சனான்."

குலசேகரம் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "தம்பி... அம்மாவுக்கு என்ன சொன்னனீ?"

"சித்தப்பா மழையில நனைஞ்சு நனைஞ்சு வந்தவர், வடை நல்ல ருசி எண்டு சொன்னன்."

"என்னைக் காப்பாத்திப்போட்டாய் ராசா! ஏனப்பு அப்பிடிச் சொன்னனீ?"

"நானும் அங்க இல்லையே, சித்தப்பா. முதல் வருஷச் சோதினையில கவிண்டு, ரெண்டு வருஷமா இஞ்ச லண்டனில, தோர்ண்டன் ஹீத் பெற்றோல் ஸ்டேஷனிலதான் நிக்கிறன். வடை எடுக்க நாளைக்கு வரட்டோ?"