பாசிட்டிவ் என்றதும் லட்டு வாங்கினேன்

சேசு மரி சூசை துணை

ஆவடி
12-8-1973

மரியாதைக்குரிய மச்சான் கிறிஸ்துராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் எட்மண்ட் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையில் நானும் லூர்தம்மாளும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகம். வேப்பம்பட்டில் அத்தையும் பிள்ளைகளும் சுகம்தானே.

நிற்க. லூர்து அழுதுகொண்டே உங்களுக்கு ஒரு கார்டு போட்டாளாம். அதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டாம். அது பழைய சேதி. புதுச் சேதி சந்தோஷமான சேதி.

மாசமாக இருக்கிறாளே என்று போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம் நர்சம்மா சீட்டைப் பார்த்து "பாசிட்டிவ்" என்றார். இங்கிலீஷில் அப்படிச் சொன்னால் நல்ல சேதிதானே, ஓடிப்போய் ஒரு பொட்டலம் லட்டு வாங்கியாந்து வார்டு முழுக்கக் குடுத்துட்டேன். நர்சம்மா மென்னுகினே, "எதுக்குய்யா லட்டு? இது கண்ட சகவாசத்துல வர்ற மேகநோய் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டு"ன்னாங்க. தின்ன பொம்பளைங்க எல்லாம் வாயைத் தொடச்சிக்கினாங்க. ஒட்டிக்குமான்னு ஒருத்தி அழவே ஆரம்பிச்சிட்டா. உங்க தங்கச்சி பாத்தா பாருங்க ஒரு பார்வை! "யார் அவ?"ன்னா. யாரும் இல்லடின்னேன். "அப்ப நான் கொண்டாந்தேன்னு சொல்றியா?"ன்னா. நேரா டாக்டரம்மா ரூமுக்கு ஓடினேன் மச்சான்.

டாக்டரம்மாதான் காப்பாத்துனாங்க. "லட்டுல எல்லாம் ஒட்டாதும்மா. இந்த டெஸ்ட்டு சந்தேகத்தைத்தான் சொல்லும், தீர்ப்பு சொல்லாது. மலேரியா வந்தவங்களுக்கும், சில கர்ப்பிணிங்களுக்கும்கூடத் தப்பாக் காட்டும். ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க, வேற டெஸ்ட்டுக்கு மெட்ராஸ் அனுப்புறேன். நோய் இருந்தாலும் பயப்படாதீங்க, பென்சிலின் ஊசில குணமாயிடும், குழந்தையையும் காப்பாத்திடலாம்"னாங்க. லூர்துக்கு ஈஸ்டர் முடிஞ்சி மலேரியா வந்தது உங்களுக்கே தெரியும்.

ரிசல்ட்டு வர்ற வரிக்கும் ஊட்ல சோறு உண்டு, பேச்சு கிடையாது. தட்டு வெக்கிற சத்தத்துலயே கோவம் கேக்கும். நானும் மாதா கோயில்ல முட்டி தேய நின்னேன், எனக்காக இல்ல, புள்ளைக்காக. இன்னிக்கி காலையில டாக்டரம்மா கூப்ட்டு, "ரெண்டு பேருக்கும் நெகட்டிவ்"னாங்க. இந்த வாட்டி அர்த்தம் கேட்டுக்கினேன் மச்சான். இல்லேன்னு அர்த்தமாம்! பஸ்ஸுல லூர்து என் தோள்ல சாஞ்சி, "கோயில்ல நீ அழுததைப் பாத்தேன்யா"ன்னா. எனக்குத் தாங்கல. "நெகட்டிவ்! நெகட்டிவ்!"னு கத்திட்டேன். கண்டக்டரு, "போட்டோ ஸ்டுடியோ அடுத்த ஸ்டாப்பு, சும்மா குந்துய்யா"ன்னாரு.

ஆகையால் நிம்மதியாக இருங்கள், வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டாம். பிள்ளைக்கு நீங்கள்தான் ஞானத்தகப்பன். அத்தைக்கு என் வந்தனம், பிள்ளைகளுக்கு முத்தம்.

தங்கள் அன்புள்ள,
எட்மண்ட்

பி.கு.: தெருமுனையில நீங்க வர்றதா லூர்து சொல்றா. கையில தடி மாதிரி இன்னாவோ கீதாம். அதனால இதைத் தபால்ல போடல, ஜன்னல் வழியா நீட்றேன். தாழ்ப்பாள் போட்டது நான்தான். முழுசாப் படிச்சி முடிச்சிட்டு ஒரு குரல் குடுங்க, திறக்குறேன்.