பத்தியம் கேட்கிறவர்

நோயாளிகளில் பல ரகம் உண்டு. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து ஜன்னல் வழியே துப்புகிறவர், பக்கத்துப் படுக்கைக்காரரின் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர், ஊசி என்றதும் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிடுகிறவர். இவர்களெல்லாம் அப்பாவிகள், விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது வேறொரு இனம். டாக்டர் அறை வாசலில் தொங்கும் பச்சைத் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்று, சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்தபடி, "அப்புறம் டாக்டர்... பத்தியம் எதுவும் இருக்கா?" என்று கேட்பாரே, அவர்.

பார்த்ததில்லையா? பரவாயில்லை. எதற்கும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

இந்த இனத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் பெயர் கிதர் முகம்மது. திண்டுக்கல்லில் வெங்காய மண்டிகளுக்கு நடுவில் சாக்குக் கடை வைத்திருக்கிறேன். அது பேருக்குத்தான். உண்மையான தொழில் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது. பேட்டையில் யாருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றாலும், "பாயைக் கூட்டிக்கிட்டுப் போ, அவரு சும்மாதான உக்காந்திருக்காரு" என்பார்கள். அப்படிச் சும்மா உட்கார்ந்தே ஊரில் உள்ள பெஞ்சு எல்லாம் எனக்குப் பழக்கம்.

முதலில் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்தியம் என்பது மாடி வைத்த சொல். கீழே கருவாடு, கத்திரிக்காய், ஊறுகாய் எல்லாம் குடியிருக்கின்றன. மாடியில் குடியிருப்பது வேறு சங்கதி. நாட்டு வைத்தியர் சூரணத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "கடும்பத்தியம்" என்று தொண்டையைச் செருமினால் போதும், நோயாளிக்கும் புரியும், கதவுக்குப் பின்னால் நிற்கிற வீட்டம்மாவுக்கும் புரியும், அன்றைக்கே பாய் தனியாக விழுந்துவிடும். நான் சொல்வது படுக்கிற பாய். பிறகு இங்கிலீஷ் வைத்தியம் வந்தது. பாவம், அந்த டாக்டர்கள் படித்த புத்தகத்தில் அந்த வீட்டுக்கு மாடியே கட்டவில்லை.

இனி இஞ்ஞாசியிடம் வருவோம். என் பக்கத்துக் கடை, வெங்காயக் கமிஷன் மண்டி முதலாளி. இவர் லாரிக்காரரைத் திட்டினால் ஊருக்கு வெளியே ரெட்டியார்சத்திரத்தில் பிரேக் பிடிப்பார்கள், அப்படி ஒரு குரல். இரண்டாயிரத்து ஒன்றில் இவருக்கு மலக்குடலில் கட்டி, புற்று என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. மதுரையில் ஆபரேஷனுக்குப் படுக்கும்போதுகூட, "சீக்கிரம் அறுத்து விடுங்கப்பா, பெல்லாரி வெங்காய லோடு வருது" என்றவர். கட்டியை எடுத்தார்கள், பிழைத்தார், அதன் பிறகு எங்கள் ஊர் கிளினிக்கிலேயே மாதாமாதம் காட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே வந்து பார்ப்பவர் இளவேனில் என்ற பெண் டாக்டர். சின்ன வயது, நல்ல படிப்பு, சிரித்த முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் நம் ஆளின் குரல் தொண்டைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆட்டுக்கறி தின்னலாமா, முட்டை தின்னலாமா, முருங்கைக்காய் சேர்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே போனார். முருங்கைக்காயைக் கேட்கும்போது மட்டும் டாக்டரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "தாராளமா சேருங்க, நார்ச்சத்து நல்லது" என்றார் டாக்டர். இவருக்கு முகம் விழுந்துவிட்டது. எழுந்தார், நடந்தார், திரையைப் பிடித்தார், காலண்டரைப் பார்த்தார்.

"டாக்டர்... பத்தியம்?"

"பெருசா ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, ஆசைக்கு, அளவா. வயசாகுதுல்ல?"

"மாசத்துக்கு ஒரு தடவையா?"

"அதுவும் வீட்டிலேயே, சுத்தமா. வெளியில மட்டும் வேண்டவே வேண்டாம்."

இஞ்ஞாசிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளியில போற பழக்கமெல்லாம் எனக்கு இல்ல டாக்டர். மாதா மேல சத்தியம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனா மனசு கேக்காது." பிறகு என்னைப் பார்த்தார். "பாயும் நீங்களும் சேர்ந்துதான் போவீங்களோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டரம்மா, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைங்க இருக்கு."

"அதுக்கென்ன, பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுத்தானே போவீங்க?"

வாசகரே, அந்த நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் மாடியில் நின்றுகொண்டிருந்தோம். டாக்டர் மட்டும் கீழே ஆட்டுக்கறிப் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அது எங்களுக்குத் தெரியவில்லை.

மானம் போனது போனதுதான், கேட்டுவிடுவோம் என்று இஞ்ஞாசி துணிந்தார். "இல்ல டாக்டர், முந்தி மாதிரி இல்ல. ஆசை இருக்கு. கிட்டப் போனா ஒண்ணுமில்லாமப் போயிருது."

"ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அது சகஜம். ஒரு டானிக் எழுதறேன். தானா எடுக்கும்."

"எடுக்குமா டாக்டர்?"

"நல்லாவே எடுக்கும்."

எடுத்தது. பசி எடுத்தது. கருஞ்சிவப்பாக, தேன் மாதிரி இனிக்கிற டானிக். குடிக்கக் குடிக்க மனிதர் காலையில் இட்லியை அடுக்கடுக்காக உள்ளே தள்ளினார், மத்தியானம் சோற்றுக்கு இம்புட்டுதான் வெஞ்சனமா என்று சண்டை பிடித்தார், பேன்ட் எல்லாம் இறுகியது. எடுக்க வேண்டியது மட்டும் எடுக்கவில்லை. மாதாமாதம் பாட்டில் மேல் பாட்டிலாகக் காலியாக, தன் கதை முடிந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒருநாள் கட்டிலை இழுத்து முன்னறையில் போட்டுக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. அவர் மனைவி செபஸ்தியம்மாளும் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தனியாகப் படுக்காத மனிதர், கதவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? சீக்கு திரும்பிவிட்டது, நம்மிடம் மறைக்கிறார் என்று நினைத்தாள். அவர் தின்னத் தின்ன இவள் சோற்றில் கைவைப்பதை நிறுத்தினாள்.

இதற்கு நடுவில் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்தியம் கேட்கிறவர் என்றால் ஆண்கள் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த கிளினிக்கில் ஆண்கள் பெஞ்சும் பெண்கள் பெஞ்சும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். என் காதுக்கு நான் பொறுப்பல்ல. ஆண்கள் பெஞ்சில் கிரிக்கெட் ஓடும், எலெக்‌ஷன் ஓடும், மழை வருமா என்பது ஓடும். எல்லோருக்கும் மனதுக்குள் ஒரே கேள்விதான், ஆனால் பக்கத்தில் அதே வியாதிக்காரர் உட்கார்ந்திருந்தாலும் செத்தாலும் கேட்கமாட்டார்கள். கேட்பது டாக்டரிடம் மட்டும்தான், அதுவும் கருவாட்டுக்குள் ஒளித்து. பெண்கள் நேர்மாறு. டாக்டரிடம் வாயே திறக்கமாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்வதற்குள் பக்கத்தில் இருப்பவளிடம் எல்லாம் கேட்டுவிடுவார்கள். கேள்வியும் வேறு. ஆணுக்குத் தன்னைப் பற்றித்தான் கவலை, "திரும்ப வருமா, எப்போ வரும்?" அவ்வளவுதான். பெண் அவரைப் பற்றிக் கேட்பாள். அவருக்கு ஒட்டிக்கொள்ளுமா, தழும்பைப் பார்த்தால் அவர் முகம் சுளிப்பாரா, வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பாரா? தனக்கு வலிக்குமா என்பதைக் கடைசியில், குரலைத் தாழ்த்தி, ஏதோ கொசுறு கேட்பதுபோலக் கேட்பாள்.

சின்னாளப்பட்டியிலிருந்து சண்முகவள்ளி என்று ஒருத்தி வருவாள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள், கர்ப்பப்பையில் புற்று வந்து எடுத்தவள். அவளும் ஒருமுறை மென்று விழுங்கி டாக்டரிடம், "கனமான வேலையெல்லாம் பழையபடி பாக்கலாமா?" என்று கேட்டாள். "கூடவே கூடாது. குடம்கூடத் தூக்கக் கூடாது" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவள் புருஷன்தான் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறான். இந்த மாதிரி ஒரு புருஷன் உண்டா என்று தெருவே மெச்சுகிறது. அவன் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கட்டில் முன்னறைக்குப் போன அடுத்த மாதம் கிளினிக்குக்கு நாங்கள் கிளம்பியபோது, "நானும் வாரேன்" என்று செபஸ்தியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று இஞ்ஞாசி சொன்னது அவள் காதில் ஏறவில்லை. போய்ப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சண்முகவள்ளி. சரியாக என் முதுகுக்குப் பின்னால்.

"எங்கவுக முன்னறையில படுத்துக்கிறாக தாயி. சீக்கு திரும்பிருச்சு போல. எங்கிட்ட மறைக்கிறாக."

"நல்லாத்தான அக்கா இருக்காக. கன்னமெல்லாம் சதை வச்சிருக்கு."

"அதான் பயமா இருக்கு. போகப்போறவுகதான் இப்படி ஆசை ஆசையாத் திம்பாகளாம்." குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் இஞ்ஞாசி யாரிடமோ வெங்காயம் அழுகுவதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

சண்முகவள்ளி அவள் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மாகிட்ட என்னக்கா கேக்குறாக?"

"என்னத்தக் கேக்குறாக. போறப்பல்லாம் திரையப் புடிச்சுக்கிட்டுப் பத்தியம் பத்தியம்னு கேப்பாகளாம். பாய் சம்சாரம் சொன்னா."

அவ்வளவுதான். சண்முகவள்ளி சிரிக்க ஆரம்பித்தவள், பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள், என் முதுகும் சேர்ந்து ஆடியது. "அக்கா, உங்க வீட்டுப் பத்தியமும் என் வீட்டுக் குடமும் ஒரே சங்கதிதான்" என்று ஆரம்பித்துக் காதோடு காதாக என்னவோ சொன்னாள். எனக்கு அதற்கு மேல் கேட்கவில்லை என்பதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். இஞ்ஞாசி, நான், பின்னாலேயே செபஸ்தியம்மாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். மனிதர் எழுந்தார், நடந்தார், திரையைப் பிடித்தார், காலண்டரைப் பார்த்தார்.

"டாக்டர்... இந்தப் பத்தியம்..."

"கருவாடு, ஊறுகாய் ரெண்டையும் குறைங்கன்னு போன தடவையே சொன்னேனே" என்றார் டாக்டர்.

செபஸ்தியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முந்தானையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"டாக்டரம்மா, இவுக கருவாட்டக் கேக்கல. என்னையக் கேக்குறாக."

இஞ்ஞாசி காலண்டருக்குள்ளேயே போய்விடப் பார்த்தார். நான் தரையில் எறும்பு தேடினேன். டாக்டரின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. சென்ற மாதம், அதற்கு முந்தைய மாதம் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவுக்கு வருவதை நான் கண்ணால் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது... நீங்க நார்மல் லைஃப் லீட் பண்ணலாம்" என்றார், மேஜையைப் பார்த்து.

"நார்மல் லைஃபுன்னா எது டாக்டரம்மா? கருவாடா, நானா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான் பேச்சும் வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு, இஞ்ஞாசியையும் உட்காரவைத்து, வெட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த நரம்புகள் ஓடுகின்றன, அடிபட்டால் இப்படி ஆகும், சிலருக்கு மெல்லத் திரும்பும், ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகும், அதற்கும் வைத்தியம் இருக்கிறது, மதுரையில் அதற்கென்றே டாக்டர் இருக்கிறார் என்று சொன்னார். தடை ஒன்றுமே கிடையாது. சீக்கு திரும்பவில்லை. மனைவிக்கு ஒட்டாது. பக்கத்தில் படுப்பதற்கு எந்த நரம்பும் தேவையில்லை.

"சீக்கு திரும்பலியா?" செபஸ்தியம்மாளுக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஏன்யா, இதுக்கா சுவத்தப் பாத்துப் படுத்திருந்த?" என்றாள். இஞ்ஞாசியின் கண்ணும் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"அப்ப அந்த டானிக்கு?"

"அது பசிக்கு."

"அது நல்லாத்தான் எடுக்குது."

திரை லேசாக விலகியது. சண்முகவள்ளியின் முகம். "டாக்டரம்மா, நீங்க இப்ப வெளக்கமாச் சொல்ற நேரம் போலருக்கு. நானும் அன்னைக்குக் கனமான வேலைன்னு குடத்தக் கேக்கல."

சாயங்காலம் கட்டில் முன்னறையிலிருந்து உள்ளே போனது. ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான். அதன் பிறகு எல்லாம் சரியாயிற்றா என்று கேட்பீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? கட்டில் திரும்ப வெளியே வரவில்லை, லாரிக்காரர்கள் பழையபடி நடுங்கினார்கள், செபஸ்தியம்மாள் சோறு தின்றாள். சண்முகவள்ளியின் புருஷன் இப்போதும் தண்ணீர் பிடிக்கிறான், ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டு பிடிக்கிறான் என்று கேள்வி.

இவர்களைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஒரே ஒரு சந்தேகம். மாடி என்றேன், சங்கதி என்றேன், குடம் என்றேன், கருவாடு என்றேன். அந்த விஷயத்துக்குத் தமிழில் பேர் இருக்கிறதே, அதை நான் ஒரு இடத்திலாவது எழுதினேனா? நீங்களும் சொல்லவில்லையே என்று நான் கேட்கவில்லை. யாரோ அறைக்குள் வந்தபோது நடுவில் பக்கத்தைச் சட்டென்று மூடினீர்களே, ஏன்? சரி, போகட்டும். இப்போது பக்கத்தில் யாரும் இல்லை. அந்தச் சொல்லை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வரவில்லையா? கவலைப்படாதீர்கள், உங்களுக்கும் ஒரு டானிக் எழுதித் தருவார்கள், இனிப்பாகத்தான் இருக்கும்.